படக்கதையில் ஓர் உதடு

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்கு உதடு சிஸ்டர் என்று பெயர். வைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. அவள் முகத்தை ஒருமுறை பார்த்த எவருக்கும் அந்தப் பெயர் தானாகவே வாயில் வந்திருக்கும். மேலுதட்டின் இடது ஓரம் மட்டும் லேசாக மேலேறி, மூக்கோடு சேரும் இடத்தில் ஒரு சுருக்கம் விழும். எதிரே நிற்பவர் செத்த எலியைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து நிற்பதைப் போல ஒரு பார்வை. சின்ன டாக்டர், பெரிய டாக்டர், லிஃப்ட் இயக்குபவர், நோயாளி, நோயாளியைப் பார்க்க வந்தவர் என்று எல்லோருக்கும் ஒரே எலிதான். பாரபட்சமே கிடையாது.

நர்ஸ் பயிற்சிக் காலத்தில், "நோயாளியைப் பாத்துச் சிரிக்கணும்" என்று மேட்ரன் சொன்னபோது, "வலி அவங்களுக்கு. நான் எதுக்குச் சிரிக்கணும்?" என்று கேட்டுவிட்டு அந்த வாரம் முழுக்க பெட்பான் கழுவினாள். கழுவினாளே தவிர சிரிக்கவில்லை.

வயது ஐம்பதைத் தாண்டியபோது ரத்தம் எடுக்கும் அறை அவள் பொறுப்பில் இருந்தது. தரைத்தளத்தில், லேபுக்கும் லிஃப்டுக்கும் நடுவே, ஜன்னல் இல்லாத அறை. அகலக் கைப்பிடி வைத்த இரண்டு நாற்காலிகள், கலர் கலராக மூடி போட்ட ட்யூபுகள் நிற்கும் ஸ்டாண்டு, ஸ்பிரிட் வாசனை, தலைக்கு மேலே எப்போதும் விடாமல் முனகிக்கொண்டிருந்த ஒரு டியூப்லைட். அந்த அறைக்குள் அவள் கைக்கு நிகர் கிடையாது என்பதை அவளைப் பிடிக்காதவர்களும் ஒப்புக்கொள்வார்கள். பிடிக்காதவர்கள் என்றால் ஏறக்குறைய எல்லோரும்.

"மெதுவா குத்துங்க சிஸ்டர்" என்று யாராவது சொன்னால் போதும்.

"மெதுவா குத்தினா மெதுவா வலிக்கும். சரியா?"

ஊசியைக் கண்டதும் மயங்கி விழும் தடிமனான ஆசாமிகளை அவளுக்குப் பிடிக்காது. செல்போனில் பேசிக்கொண்டே கையை நீட்டுபவர்களைப் பிடிக்காது. பத்துப் பரிசோதனையை ஒரே சீட்டில் கிறுக்கி அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போகும் டாக்டர்களை அறவே பிடிக்காது.

வீட்டில் நிலைமை நேர்மாறு. அவள் கணவர் சோபா, கட்டில் விற்கும் பெரிய ஷோரூமில் வேலை பார்ப்பவர். கடையின் ஷட்டரைத் தூக்குவதற்கு முன்பே முகத்தின் ஷட்டரைத் தூக்கிவிடுவார். வீட்டுக்கு வந்த பிறகும் அதை இறக்க மறந்துவிடுவார். "கொஞ்சம் சிரிச்சா உனக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?" என்று கல்யாணமான நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார். "நீங்க எனக்கும் சேத்துச் சிரிக்கிறீங்களே, போதாதா?" என்பாள் அவள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த அறைக்கு ஒருநாள் ஒரு அக்காவும் தம்பியும் வந்தார்கள். தம்பிக்கு முப்பது வயது இருக்கும். நல்ல உயரம், தோள் அகலம். அக்கா பக்கத்துத் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். தம்பி அந்தக் கடையில் தாள் வெட்டுவான், அடுக்குவான், பின் அடிப்பான். அவனுக்கு வலிப்பு வருவதுண்டு. அதற்குச் சாப்பிடும் மாத்திரை ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். இதுவரை போய்க்கொண்டிருந்த லேபை மூடிவிட்டதால் இங்கே வந்திருந்தார்கள்.

"சிஸ்டர், இவனுக்கு ஆட்டிசம். கொஞ்சம் டைம் கொடுத்தீங்கன்னா…" என்று அக்கா ஆரம்பித்தாள்.

வெளியே கூட்டம் லிஃப்ட் வரை நின்றது. "டைம் வேணும்னா கடிகாரக் கடைக்குப் போங்க" என்றாள் உதடு சிஸ்டர்.

அவன் நாற்காலியில் உட்காரவில்லை. தலைக்கு மேலிருந்த விளக்கையே பார்த்தான். காதைப் பொத்தினான். ரப்பர் பட்டையோடு அவள் கையைப் பிடித்ததும் உதறினான். உதறியதில் ட்யூப் ஸ்டாண்டு தரையில் விழுந்து சிதறியது. அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. வார்டு பாய்களையும் காவலாளியையும் கூப்பிட்டாள். நாலு பேர் சேர்ந்து அவனை நாற்காலியில் அழுத்திப் பிடித்தார்கள். அவன் போட்ட சத்தம் மேல்மாடி வரை கேட்டது. "பெரிய ஆம்பளை, வெட்கமா இல்ல?" என்று கேட்டுக்கொண்டே அவள் ஊசியை இறக்கினாள். முதல் குத்திலேயே ரத்தம் வந்தது. அதில் அவளுக்கு ஒரு பெருமை வேறு.

அக்கா சுவரோரம் நின்று அழுதாள். அழுபவர்களையும் உதடு சிஸ்டருக்குப் பிடிக்காது.

அடுத்த தடவை அவர்கள் வந்தபோது அவன் தானாகவே நாற்காலியில் உட்கார்ந்தான். அக்கா விடிந்ததும் கிளம்பி, அறை திறக்கும்போதே முதல் ஆளாகக் கூட்டி வந்திருந்தாள். அவன் உடம்பு மரக்கட்டை மாதிரி விறைத்திருந்தது. கண் இவள் முகத்தை விட்டு நகரவில்லை. இவனோடு பேசுவது வீண் என்று முடிவு கட்டியிருந்ததால் உதடு சிஸ்டர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கட்டினாள், குத்தினாள், எடுத்தாள், பஞ்சை வைத்தாள். அவன் எழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகு எல்லாத் தடவையும் அப்படியே நடந்தது. நடுவில் அவள் லீவில் இருந்த ஒருநாள் மட்டும், வேறு நர்ஸிடம் கையைக் கொடுக்காமல் ஓடியே போய்விட்டான் என்று கேள்விப்பட்டாள்.

"பாத்தீங்களா? ஒருதடவை பயம் காட்டினா போதும். வாழ்நாளுக்கும் அடங்கிடுவாங்க" என்று மற்ற நர்ஸ்களுக்கு வகுப்பு எடுத்தாள்.

அந்த வகுப்புக்கு மறுவகுப்பு வந்தது. ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் பயிற்சி அதிகாரி என்று ஒருவர் இருந்தார். யார் என்ன சொன்னாலும் "அருமை!" என்பார். அதனால் அருமை சார் என்றே அவருக்குப் பெயர். ஊழியர்கள் எல்லோரும் ஆட்டிசத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்திருந்தது. அருமை சார் அதைப் படக்கதை மூலமாகப் புரியவைக்கப் போகிறாராம். மீட்டிங் ஹாலில் எல்லோரையும் உட்காரவைத்து, ஆளுக்கொரு பளபளப்பான புத்தகத்தைக் கொடுத்தார். அட்டையில் ஒரு பையன். அவன் தலையிலிருந்து வானவில் கிளம்பி மேகத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

"இதைக் காமிக்ஸ்னு நினைச்சிடாதீங்க. இது கிராஃபிக் நாவல்!" என்றார் மைக்கில்.

உதடு சிஸ்டர் பக்கங்களைப் புரட்டினாள். பையன் ஆஸ்பத்திரிக்கு வருகிறான். பெரிய பெரிய எண்களை மனசுக்குள்ளேயே பெருக்குகிறான். டாக்டர் வாயைப் பிளக்கிறார். ஊசியைப் பார்த்து அழுகிறான். நர்ஸ் ஓடிவந்து கட்டிப்பிடிக்கிறாள். அவ்வளவுதான், அழுகை நின்று சிரிக்கிறான். எல்லோரும் கைதட்டுகிறார்கள். கடைசிப் படத்தில் நர்ஸின் தலைக்குப் பின்னால் ஒரு ஒளிவட்டம்கூட இருந்தது.

"படம் பாத்துப் படிக்க நாமென்ன பால்வாடிப் புள்ளைங்களா?" என்றாள் பக்கத்து நர்ஸிடம், ஹாலுக்கே கேட்கும்படி. "இதை நம்பி எவளாவது போய்க் கட்டிப்பிடிச்சா மூக்கு உடையும். மூக்குக்குக் கட்டுப் போடவும் ஒரு படக்கதை போடுவாரா?"

"அருமையான கேள்வி!" என்றார் அருமை சார், பதில் சொல்லாமல்.

அப்போது மனநலப் பிரிவின் இளம் டாக்டரம்மா எழுந்தார். ஆட்டிசம் உள்ள ஒருவரே வரைந்த படக்கதை ஒன்று தன்னிடம் இருப்பதாகவும், அவருடைய அக்கா அதை மருந்துக் கவுண்டரில் வைத்துவிட்டுப் போனதாகவும், எல்லோரும் பார்க்கலாம் என்று அவர்கள் சம்மதித்திருப்பதாகவும் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஜெராக்ஸ் எடுத்து, ஓரத்தில் பின் அடித்த தாள்கள் கைக்குக் கை வந்தன. மேலே வெறுமனே 'ரத்த அறை' என்று எழுதியிருந்தது.

கறுப்பு மசியில் வரைந்த படங்கள். முதல் பக்கத்தில் ஆஸ்பத்திரி நடைபாதை. கூரையிலிருக்கும் விளக்கிலிருந்து 'ங்ங்ங்ங்' என்று எழுத்துகள் கொட்டி, நடைபாதை முழுக்க ஆறாக ஓடின. எல்லோர் வாயருகிலும் பேச்சுக் குமிழி இருந்தது. ஆனால் அந்த 'ங்ங்ங்ங்' குமிழிகளுக்கு மேலேறிப் போனதால், யார் என்ன சொல்கிறார்கள் என்று படிக்க முடியவில்லை. உதடு சிஸ்டர் தாளைக் கண்ணருகே கொண்டுபோய்ப் படிக்கப் பார்த்தாள். எரிச்சல் வந்தது. அச்சு சரியில்லை என்று நினைத்தாள்.

இரண்டாவது பக்கத்தில் வேறொரு லேப். அங்கே ஒரு நர்ஸ் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். "ஒண்ணுமே இல்ல தம்பி, எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்." அடுத்த கட்டத்தில் நாற்காலிக்குக் கீழே, ட்யூபுக்குப் பின்னால், சட்டைக் கைக்குள்ளே என்று அவன் எறும்பைத் தேடிக்கொண்டிருந்தான். அதற்கடுத்த கட்டத்தில் ஊசி இறங்கியது. பல் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தது.

ஹாலில் சிலர் சிரித்தார்கள்.

மூன்றாவது பக்கத்தைத் திருப்பியதும் அந்தச் சிரிப்பு பெரிதானது. ஒரு முகம். கண் இல்லை, காது இல்லை. ஒரு மூக்கும், அதற்குக் கீழே இடது ஓரம் மேலேறிய ஓர் உதடும் மட்டுமே. அது யார் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் முன்வரிசை முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது. லேப்காரன் ஒருவன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான்.

அதற்கடுத்த பக்கத்தில் சிரிப்பு நின்றது. பக்கம் முழுவதும் மசி பூசிக் கறுப்பாக்கியிருந்தான். இருட்டிலிருந்து வெள்ளைக் கைகள் மட்டும் நீண்டு வந்தன. தோள் இல்லாத, முகம் இல்லாத கைகள். அவை அழுத்திய இடத்தில் ஒரே ஒரு கண். மேலே அந்த உதடு. அதன் குமிழிக்குள் மட்டும் எழுத்துகள் தெளிவாக இருந்தன: பெரிய ஆம்பளை, வெட்கமா இல்ல?

உதடு சிஸ்டர் தாளை மடித்துக் கைப்பையில் திணித்தாள். எழுந்து, வரிசையில் இருந்தவர்களின் முழங்கால்களை இடித்துக்கொண்டு வெளியே போனாள். பின்னால் அருமை சார், "அருமையான உணர்ச்சி வெளிப்பாடு" என்று சொல்வது கேட்டது.

சாயங்காலம் வீட்டில் பையைத் தூக்கி நாற்காலியில் எறிந்தாள். "ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன் என்னை ஊர் சிரிக்க வெச்சுட்டான்" என்றாள். கணவர் தாளை எடுத்துப் பார்த்தார். மூன்றாவது பக்கம் வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். "அச்சு அசல்! உன் அம்மாவே இவ்வளவு சரியா உன்னைப் பெத்திருக்க மாட்டாங்க!" கறுப்புப் பக்கம் வந்ததும் ஷட்டர் இறங்கியது.

"இதைச் செஞ்சியா?"

"வெளியே கூட்டம் நின்னுச்சு. அவன் உதறினான்."

"செஞ்சியான்னு கேட்டேன்."

"செஞ்சேன்."

அவர் கடைசிப் பக்கத்துக்குப் போனார். அதை அவள் பார்த்திருக்கவில்லை. "இங்க பாரு" என்று நீட்டினார். வரிசை வரிசையாகச் சின்னக் கட்டங்கள். எல்லாவற்றிலும் அதே உதடு, ஒரு மயிரிழைகூட மாறாமல். கீழே கட்டத்துக்குக் கட்டம் ஒரு வரி: உதடு வருது. உதடு கட்டுது. உதடு குத்துது. உதடு பஞ்சு வைக்குது. உதடு பேசாது. உதட்டுல எறும்பு இல்ல. மத்தவங்க சிரிச்சா என்ன நடக்கும்னு தெரியாது. உதடு சிரிக்காது. அதனால தெரியும்.

"உன்னைப் பாராட்டுறானா திட்டுறானா?" என்றார் கணவர்.

அவளுக்கும் தெரியவில்லை. தெரியாமல் இருப்பது அவளுக்குப் பழக்கமில்லாத விஷயம். இத்தனை நாளும் அவன் அடங்கிப்போனது தன்மேலுள்ள பயத்தால் என்றுதானே நினைத்துக்கொண்டிருந்தாள்? பயத்தால் இல்லையாம். அவனோடு பேசுவதே தண்டம் என்று இவள் வாயை மூடிக்கொண்டதுதான் அவனுக்கு வசதியாகப் போயிருக்கிறது. அவமதிப்பதற்காகச் செய்ததை ஒருத்தன் உபசாரம் என்று எடுத்துக்கொண்டால், அதற்கு என்ன முகத்தை வைப்பது?

ஓய்வு நாளன்று ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். கடை ஓர் ஒடுக்கமான நீளம். முன்னால் இரண்டு மிஷின்கள். உள்ளே மேஜையில் அவன் தாளை அடுக்கி, தட்டி, வெட்டிக்கொண்டிருந்தான். விளிம்பு ஒரு நூலளவு பிசகினாலும் மறுபடி அடுக்கினான். அக்கா இவளைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தினாள்.

"வாங்க. மன்னிப்பு கேக்க வந்தீங்களா, சண்டை போட வந்தீங்களா?"

"என் மூக்கு இவ்வளவு பெருசான்னு கேக்க வந்தேன்."

அக்கா சிரிக்கவில்லை. அவளிடமும் ஓர் உதடு இருந்தது. அன்றைக்குத்தான் உதடு சிஸ்டர் அதைப் பார்த்தாள். தன்மேல் அப்படி ஒரு பார்வை விழுந்தால் எப்படி இருக்கும் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அன்னைக்கு நீங்க பிடிச்சதுக்கு அப்புறம் இவன் கையைத் தொட விடல" என்றாள் அக்கா. "நான் தொட்டாலும் கத்துவான். வேகாத வெயில்ல முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கிட்டுத் தூங்கினான். மாத்திரையை நிறுத்த முடியாது, டெஸ்ட்டையும் நிறுத்த முடியாது. உங்ககிட்டத்தான் திரும்பக் கூட்டிட்டு வரணும். அதுக்கு எனக்கு எப்படி இருந்திருக்கும்? வெட்கமா இல்லன்னு கேட்டீங்கல்ல. எனக்கு இருந்துச்சு சிஸ்டர். அழுதுட்டு நின்னேனே தவிர உங்க கையைத் தட்டி விடலையேன்னு."

உதடு சிஸ்டர் மேஜைப் பக்கம் போனாள். அவன் நிமிரவில்லை.

"அன்னைக்கு என்ன ஆச்சு? எதுக்கு உதறினே?"

"விளக்கு கத்திச்சு" என்றான்.

"எந்த விளக்கு?"

"உங்க விளக்கு. எப்பவும் கத்துது. நீங்க கட்டும்போது இன்னும் கத்திச்சு."

இருபது வருஷத்துக்கு மேலாக அந்த விளக்கின் கீழே வேலை செய்கிறாள். அது முனகும் என்று தெரியும். அது கத்தும் என்று இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறாள். கொஞ்ச நேரம் அவன் தாள் அடுக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நாலு பேரை வெச்சுப் பிடிச்சது தப்பு."

"ஆமா" என்றான்.

"ஆமான்னா?"

"தப்பு."

அவ்வளவுதான். பரவாயில்லை என்றோ மறந்துவிடுங்கள் என்றோ அவன் சொல்லவில்லை. அடுத்த கட்டுத் தாளை எடுத்தான். படியிறங்கும்போது அவளுக்கு ஒன்று உறைத்தது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தப்பை ஒப்புக்கொண்டிருக்கிறாள். எதிராளி அதைத் துடைத்துவிடாமல் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் இதற்குள் அருமை சாருக்கு அந்தப் படக்கதை தலைக்கேறியிருந்தது. அதை அச்சடித்து வெளியிட ஒரு குழு போட்டார். உதடு சிஸ்டரையும் கூப்பிட்டார்கள். குளிரூட்டிய அறை, நீளமேஜை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். சின்னச் சின்ன மாற்றங்கள் மட்டும் செய்யப்போகிறார்களாம். கறுப்புப் பக்கம் 'எதிர்மறையாக' இருப்பதால் அங்கே ஒரு பூந்தோட்டம். உதடு இருக்கும் இடத்தில் ஒரு புன்னகை. பெயர் 'ரத்த அறை' வேண்டாம், 'அன்பின் துளி'.

"உங்க நல்ல பேரைக் காப்பாத்தறதுக்குத்தான் சிஸ்டர்" என்றார் அருமை சார்.

"என் பேரு உதடு" என்றாள் அவள். "நீங்க எல்லாரும் வெச்ச பேருதான், தெரியாத மாதிரி முழிக்காதீங்க. அதுல நல்லது கெட்டது பாக்க இப்ப எதுக்குக் கூட்டம்?"

மனநல டாக்டரம்மா, "அந்தப் பக்கத்தை எடுத்துட்டா கதையே இல்ல சார்" என்று மெல்லச் சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை.

"பாருங்க, படிக்கிறவங்க மனசு புண்படக் கூடாது இல்லையா…" என்று இழுத்தார் அருமை சார்.

"யார் மனசு? பிடிச்சவங்க மனசா, பிடிபட்டவன் மனசா?" அவள் குரல் உயரவில்லை. உதடு மட்டும் ஏறியிருந்தது. "நான் பிடிச்சது நிஜம். அவன் வரைஞ்சது நிஜம். நீங்க பூந்தோட்டம் போட்டீங்கன்னா அது மட்டும்தான் பொய். அந்தக் கறுப்பைப் பாத்தாத்தான் அடுத்தவ கையை நீட்டும்போது யோசிப்பா. பூவைப் பாத்தா மோந்து பாத்துட்டுப் போயிடுவா."

"அருமை" என்றார் அவர், பழக்க தோஷத்தில். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார்.

ஜெராக்ஸ் கடை அக்கா அனுமதி தர மறுத்துவிட்டாள். ஒரு கோடுகூட மாற்றக் கூடாது, மாற்றினால் தர முடியாது என்று ஒரே பேச்சு. குழு கவலைப்படவில்லை. வேறு ஓர் ஓவியரை வைத்து, யாரும் வராத ஓர் அறையில் யாருக்கும் வலிக்காத ஒரு ரத்தப் பரிசோதனையை வண்ணத்தில் வரையச் சொன்னார்கள். புத்தகம் வந்தது. அருமை சார் விழாவில் பேசினார், போட்டோ எடுத்துக்கொண்டார், எங்கோ ஒரு கேடயமும் வாங்கிவந்தார். காத்திருக்கும் கூடத்தில் அந்தப் புத்தகத்தை யாரும் எடுத்துப் போகாதபடி சங்கிலி போட்டு மாட்டினார்கள். அந்தச் சங்கிலி தேவையே இல்லை என்பது மாட்டியவர்களுக்கு மட்டும் புரியவில்லை.

உதடு சிஸ்டர் எந்த விழாவுக்கும் போகவில்லை. தன் அறைக்கு வந்து டியூப்லைட்டை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தாள். எலக்ட்ரீஷியன் வந்து அண்ணாந்து பார்த்து, "நல்லாத்தானே எரியுது" என்றான். "எரியறது தெரியுது. காதை வெச்சுப் பாரு" என்று அவனை ஸ்டூல்மேல் ஏற்றினாள். ஏறி நின்ற பிறகு அவனுக்கும் கேட்டது. புதுசு வந்து சேரும்வரை கணவரின் ஷோரூமில் காட்சிக்கு வைத்திருந்த மேஜை விளக்கு ஒன்று அறைக்கு வந்தது. சோபா விற்கிற வெளிச்சத்தில் அவள் ரத்தம் எடுத்தாள்.

அறைக்குப் புதிதாக வரும் ஒவ்வொரு நர்ஸ் கையிலும் அந்த ஜெராக்ஸ் தாளைத் திணித்தாள். அதற்கு மட்டும் அக்கா சம்மதித்திருந்தாள்.

"யாரு சிஸ்டர் இது?" என்று கறுப்புப் பக்கத்தைக் காட்டிக் கேட்பார்கள்.

"நான்தான். நல்லாப் பாத்துக்கோ. உன்னை இப்படி எவனும் வரையற மாதிரி வெச்சுக்காதே. எறும்பு கிறும்புன்னு இந்த அறையில எவளாவது சொன்னா, அடுத்த நிமிஷம் வெளியே."

தாளைப் படித்துவிட்டு ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். "அழறதுக்குக் கொடுக்கல. கைகழுவிட்டு வா" என்றாள் உதடு சிஸ்டர்.

இத்தோடு அவள் திருந்தி முற்றும் தெளிந்துவிட்டாள் என்று நினைத்தால் அவளைச் சரியாகத் தெரியவில்லை என்று அர்த்தம். தெளிந்துவிட்டதாக அவளே நினைத்துக்கொண்டதுதான் அடுத்த சறுக்கல்.

ஒருநாள் காதில் பெரிய ஹெட்போனோடு ஒரு சிறுமி வந்தாள். கூடவே வந்த அம்மா, வாசலிலேயே எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நின்றாள். "இவளுக்கு ஆட்டிசம், தப்பா நினைச்சுக்காதீங்க." உதடு சிஸ்டருக்கு உள்ளுக்குள் ஒரு மிதப்பு. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? விளக்கைத் தணித்தாள். மற்றவர்களை வெளியே அனுப்பினாள். வாயை இறுக மூடிக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் இல்லாமல், ஒரு வார்த்தையும் இல்லாமல், ரப்பர் பட்டையை எடுத்துக்கொண்டு நெருங்கினாள்.

சிறுமி அலறினாள். "ஏன் பேச மாட்டேங்கிறாங்க? அம்மா, இவங்க ஏன் பேச மாட்டேங்கிறாங்க? என்ன பண்ணப் போறாங்க?" நாற்காலியிலிருந்து நழுவி மேஜைக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டாள். அம்மா குனிந்து அவள் கையைப் பிடித்து இழுக்கப் போனாள்.

"இழுக்காதீங்க" என்றாள் உதடு சிஸ்டர். அம்மாவின் கை அப்படியே நின்றது.

அவளுக்கு அந்த நிமிஷம் தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஒருத்தன் வரைந்த நாலு தாளைப் படித்துவிட்டு உலகத்தில் உள்ள எல்லோரையும் படித்துவிட்டதாக நினைத்திருக்கிறாள். அருமை சாரின் வானவில்லுக்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்? அவர் எல்லோரையும் கட்டிப்பிடிக்கச் சொன்னார், இவள் எல்லோரிடமும் ஊமையாக நிற்கிறாள். அவன் வரைந்தது அவனை. இந்தப் பெண்ணை இன்னும் யாரும் வரையவில்லை.

முட்டி வலிக்க வலிக்கத் தரையில் உட்கார்ந்தாள். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"இன்னைக்கு எடுக்கணும்னு ஒண்ணும் கட்டாயமில்ல. நாளைக்கும் நான் இங்கதான் இருப்பேன். உனக்கு எப்படிச் செஞ்சா பரவாயில்ல? சொல்லு, கேக்கறேன்."

வெளியே டோக்கன் வைத்திருந்தவர்கள் கதவைத் தட்டினார்கள். கதவைப் பார்த்து அவள் போட்ட ஒரு பார்வையை அவர்கள் பார்க்க முடியாதது அவர்கள் அதிர்ஷ்டம்.

"சொல்லிட்டுச் செய்யணும்" என்றாள் சிறுமி கடைசியில். "எல்லாத்தையும். அடுத்து என்ன, அதுக்கடுத்து என்னன்னு. பொய் சொல்லக் கூடாது."

"சரி. வலிக்கும். இதைச் சொல்லலாமா?"

"சொல்லலாம்."

"இது ரப்பர் பட்டை. மேல் கையில கட்டுவேன், இறுக்கமா இருக்கும், எனக்கே பிடிக்காது. இது பஞ்சு, ஸ்பிரிட்டுல நனைச்சது, நாத்தம் தாங்காது. இது ஊசி. இதைச் செஞ்சவன் ஒரு அழகும் இல்லாமத்தான் செஞ்சிருக்கான், ஆனா கூர்மை நல்ல கூர்மை. உள்ளே போகும்போது சுருக்குனு இருக்கும். அப்புறம் இந்த ட்யூப் நிறையற வரைக்கும் அசையாம இருக்கணும். ட்யூபுக்கு ஊதா மூடி எதுக்குப் போட்டாங்கன்னு என்னைக் கேக்காதே, எந்தப் புத்திசாலி முடிவு பண்ணினான்னு தெரியல."

சிறுமி மேஜைக்கு அடியிலிருந்து ட்யூபை வாங்கி, மூடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பச்சை மூடி நல்லா இருந்திருக்கும்" என்றாள்.

"வேற ஒரு டெஸ்ட்டுக்குப் பச்சையும் இருக்கு. ஆனா உனக்கு எழுதினது ஊதா."

"சரி" என்றாள் சிறுமி. தவழ்ந்து வெளியே வந்தாள். நாற்காலியில் ஏறவில்லை, தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சட்டைக் கையைத் தானே மேலே ஏற்றினாள். ஆஸ்பத்திரி விதிமுறைப்படி தரையில் உட்கார்ந்து ரத்தம் எடுக்கக் கூடாது. உதடு சிஸ்டர் ஒரு சுத்தமான விரிப்பை எடுத்து நடுவே விரித்து, ட்ரேயை அதன்மேல் வைத்தாள்.

"இப்பக் கட்டப் போறேன்" என்றாள்.